ஊசி போட்டும் ஏன் வந்துச்சு? – கிண்டி, செங்கல்பட்டு, வேலூர் சொல்லும் பதில்

1/
கொஞ்சம் நீளமான இழை இது. ஒரு பெரியவருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பதில். அதே கேள்வி உங்க வீட்லயும் இருக்கும்னு தெரியும். அதனால இங்கே எழுதுறேன். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

2/
ஆத்தூர் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் ஓபியில் 60 வயசு தாண்டின ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். கூட அவர் மகளும், மகள் இடுப்புல பேத்தியும். குழந்தையோட தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். 9 மாசத்துல போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடல. தேதி தாண்டி ஒரு மாசம் ஆச்சு.

"ஏம்மா இன்னும் போடல?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு பதில் சொல்லாம அப்பா முகத்தைப் பார்த்துச்சு.

3/
பெரியவர் சொன்னார்: "நீங்கதானம்மா அன்னிக்கு முகாம்ல மைக் புடிச்சு சொன்னீங்க, ரெண்டு ஊசி போட்டா கொரோனா வராதுன்னு. நம்பி ரெண்டும் போட்டேன். அந்தப் பொங்கலுக்கு முன்னாடியே வந்துருச்சு. இப்ப புள்ளைக்கு போடுற ஊசிய மட்டும் என்னத்த நம்புறது?"

வெளிய நூறு பேர் வரிசையில நிக்கிறாங்க. "அப்படி இல்லங்கய்யா, போட்டது நல்லதுதான்"னு ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பிட்டேன். ஆனா ராத்திரி வரைக்கும் அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்தது. ஏன்னா அவர் சொன்னது நிஜம். நான் அப்படித்தான் சொன்னேன்.

4/
அவர் சட்டைக் கையை மடிச்சு விட்டிருந்தார். கையில் அம்மை குத்தின தழும்பு, பழைய காலணா அளவுக்கு. குழந்தையோட இடது தோள்ல சின்னதா பி.சி.ஜி. தழும்பு. தாத்தா போட்ட கொரோனா ஊசிக்கு மட்டும் தழும்பு எதுவும் இல்ல.

அவர் கேள்விக்கான பதில் அந்த ரெண்டு தழும்புலயும், குழந்தை வாயில விட்ட போலியோ சொட்டுலயும் இருக்கு. மூணுக்கும் நம்ம தமிழ்நாட்டுலயே பெரிய வரலாறு உண்டு. அதைத்தான் சொல்லப் போறேன்.

5/
அதுக்கு முன்னாடி ஒரு அடிப்படை. தடுப்பூசி உடம்புக்குள்ள போய் என்னதான் செய்யுது?

நிறைய பேர் நினைக்கிறது, ஊசி மருந்து உள்ள போய் காவல்காரன் மாதிரி உக்காந்துக்கும், கிருமி வந்தா அடிச்சு விரட்டும்னு. அப்படி இல்ல. ஊசியில போன சரக்கு கொஞ்ச நாள்ல கரைஞ்சு காணாம போயிடும். மிஞ்சி நிக்கிறது உங்க உடம்பு கத்துக்கிட்ட பாடம் மட்டும்தான்.

6/
கொரோனா வைரஸ் மேல முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கிறது ஸ்பைக் புரதம். திண்டுக்கல் ஆளுங்களுக்கு பூட்டு சாவி பத்தி நான் சொல்லித் தர வேண்டியதில்ல. அந்த ஸ்பைக்தான் சாவி. நம்ம செல்கள் மேல இருக்கிற ஏசிஇ-2 என்பது பூட்டு. சாவி பொருந்தினா வைரஸ் உள்ள போயிடும்.

கோவிஷீல்டுல இருந்தது சிம்பன்சி குரங்கைத் தொற்றும் ஒரு சளி வைரஸ், நம்ம உடம்புல பெருக முடியாதபடி மாத்தினது. அது ஸ்பைக் செய்யும் குறிப்பை மட்டும் சுமந்துக்கிட்டு வரும். நம்ம செல்களே கொஞ்ச நாளைக்கு அந்த ஸ்பைக்கைச் செஞ்சு காட்டும். கோவேக்சின்ல இருந்தது செயலிழக்க வைக்கப்பட்ட முழு கொரோனா வைரஸ். வழி வேற, பாடம் ஒண்ணு: "இதுதான் திருடனோட சாவி, பார்த்து வச்சுக்கோ."

7/
ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி காய்ச்சல், உடம்பு வலி வந்துச்சா? அது உடம்போட முதல் வரிசைப் படை. யாரு வந்திருக்கான்னு தெரியாமலே கூச்சல் போட்டு எல்லாரையும் எழுப்புற வேலை அதுக்கு. (காய்ச்சல் வராதவங்களுக்கு ஊசி வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல.)

அடுத்து, சில செல்கள் அந்தப் புரதத் துண்டை எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கிற நிணநீர்க் கணுவுக்குப் போகும். ஊசி போட்ட பக்கம் அக்குள்ல நெறி கட்டியிருக்குன்னு சில பேர் பயந்து வந்தீங்கல்ல? அந்த நெறிதான் பள்ளிக்கூடம். உள்ள வகுப்பு நடந்துக்கிட்டு இருக்கும்.

8/
அந்த வகுப்புல ரெண்டு விதமான மாணவர்கள்.

பி செல்: இது ஆன்டிபாடி தயாரிக்கும். ஆன்டிபாடி போய் சாவியோட பல்லுல பிசின் மாதிரி ஒட்டிக்கும். சாவி பூட்டுல நுழையாது. அதாவது தொற்றையே தடுக்கும்.

டி செல்: ஆன்டிபாடியைத் தாண்டி கிருமி உள்ள புகுந்துட்டா, புகுந்த செல்லைக் கண்டுபிடிச்சு அழிக்கும். தொற்றைத் தடுக்காது, ஆனா நோய் முத்த விடாது.

முதல் தடவை இதெல்லாம் தயாராக ரெண்டு வாரம் போல ஆகும். வேலை முடிஞ்சதும் பெரும்பாலான செல்கள் செத்துப் போகும். கொஞ்சம் மட்டும் 'நினைவு செல்'களா தங்கும். நிஜக் கிருமி வந்தா ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், ஒருசில நாள்லயே களத்துல இறங்கிடும்.

இதை மனசுல வச்சுக்கோங்க. இப்ப மூணு ஊருக்குப் போவோம்.

9/
முதல் ஊர்: கிண்டி.

1796ல இங்கிலாந்துல எட்வர்ட் ஜென்னர், பசுவுக்கு வர்ற அம்மையைச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தி, அவனுக்குப் பெரியம்மை வராததைக் காட்டினார். லத்தீன்ல பசுவுக்கு 'வாக்கா'ன்னு பேரு. 'வேக்சின்' என்ற சொல்லே அங்கேருந்து வந்ததுதான்.

அது இந்தியாவுக்கு எப்படி வந்தது? அப்ப ஐஸ்பெட்டி கிடையாது. நூல்ல தோய்ச்சு கப்பல்ல அனுப்பினா வழியிலேயே வீரியம் போயிடும். அதனால ஆள்கிட்டேருந்து ஆளுக்குக் குத்தி, கை மாத்தி கை மாத்திதான் கொண்டு வந்தாங்க. பாக்தாத், பஸ்ரா வழியா பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்ற 3 வயசுக் குழந்தைக்கு வெற்றிகரமா குத்தினாங்க. இந்தியாவில் முதல் தடுப்பூசி அதுதான். அந்தக் குழந்தை கையிலேருந்து அடுத்த குழந்தைக்கு, அங்கேருந்து அடுத்ததுக்கு. அதே வருஷம் சென்னைக்கும் வந்துருச்சு.

10/
பிற்காலத்துல கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. சென்னை மாகாணத்துக்கு அதைத் தயாரிக்கத்தான் 1899ல கிண்டியில ஒரு நிலையம் தொடங்கினாங்க. அதுதான் இன்னிக்கு கிங் இன்ஸ்டிடியூட். 2020ல நம்ம மாநிலத்துல கொரோனா சாம்பிள் முதல்ல போய்ச் சேர்ந்ததும் அதே வளாகத்துக்குத்தான்.

ஆக, நம்ம பெரியவர் கையில இருக்கிற தழும்புக்கு 200 வருஷ வம்சாவளி இருக்கு.

11/
இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு தடவை குத்தினா ஆயுசுக்கும் பெரியம்மை வராதுன்னுதான் ஜென்னர் நம்பினார், அப்படித்தான் சொன்னார். ஆனா சில வருஷம் போனதும், குழந்தையில குத்திக்கிட்டவங்களுக்குப் பெரியவங்க ஆனப்புறம் அம்மை வர ஆரம்பிச்சது. ஜனங்க கேட்டாங்க: "குத்தியும் வந்துச்சே?"

ஆமா, அதே கேள்விதான். 19ஆம் நூற்றாண்டுலயே கேட்டாச்சு.

உத்துப் பார்த்தப்ப ரெண்டு உண்மை தெரிஞ்சது. ஒண்ணு, பாதுகாப்பு வருஷம் போகப் போகக் குறையுது. ரெண்டு, குத்தினவங்களுக்கு வந்தாலும் பெரும்பாலும் லேசா வந்து போயிடுது, சாவு ரொம்பக் குறைவு. அதனால மறுபடி குத்துற வழக்கம் வந்தது. ஜெர்மனி 1874ல சட்டமே போட்டது: குழந்தையில ஒரு தடவை, 12 வயசுல இன்னொரு தடவை.

12/
அந்தக் காலத்துல யாருக்கும் பி செல், டி செல் தெரியாது. இப்ப தெரியும். அம்மை குத்திக்கிட்டவங்க ரத்தத்தைப் பரிசோதிச்சு 2003ல வந்த ஆய்வுகள், 50 வருஷம் தாண்டியும் அதுக்கான நினைவு பி செல்கள் இருக்குன்னு காட்டுச்சு. டி செல்கள் மட்டும் மெதுவா குறைஞ்சுக்கிட்டே வருது.

அதாவது நம்ம பெரியவர் உடம்புல, உலகத்துலயே இல்லாத ஒரு நோய்க்கு எதிரான நினைவு இன்னிக்கும் இருக்க வாய்ப்பிருக்கு. இந்தியாவில் பெரியம்மை கடைசியா வந்தது 1975 மே. உலகத்துலயே ஒழிஞ்சதுன்னு அறிவிச்சது 1980.

கிண்டி பாடம்: பாதுகாப்பு குறையலாம். குறைஞ்சதுனால ஊசி பொய்யாகிடாது. குறையுற ஊசியை வச்சுத்தான் பெரியம்மையை ஒழிச்சாங்க.

13/
ரெண்டாவது ஊர்: செங்கல்பட்டு.

பி.சி.ஜி. என்பது காசநோய் தடுப்பூசி. 1921ல பாரிஸ்ல முதல் குழந்தைக்குக் கொடுத்தாங்க. 1948லிருந்து இந்தியாவில் பெரிய அளவுல போட ஆரம்பிச்சாங்க. இதுக்கான தயாரிப்புக்கூடமும் கிண்டியிலதான் வந்தது. எதிர்ப்பும் வந்தது. ராஜாஜியே 1955ல இதை ஏன் எதிர்க்கிறேன்னு புத்தகம் போட்டார்.

சில நாட்டு ஆய்வுகள் நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னது, சில நாட்டு ஆய்வுகள் இல்லைன்னு சொன்னது. எது உண்மை?

14/
இதைத் தீர்க்க 1968ல, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. தடுப்பூசி வரலாற்றுல மிகப் பெரிய ஆய்வுகள்ல ஒண்ணு. இரண்டரை லட்சம் பேருக்கு மேல. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் மருந்தில்லா ஊசி. யாருக்கு எதுன்னு போடுறவங்களுக்கும் தெரியாது, போட்டுக்கிறவங்களுக்கும் தெரியாது. அப்புறம் 15 வருஷம், ஊர் ஊரா திரும்பத் திரும்பப் போய் யாருக்குக் காசநோய் வந்ததுன்னு கணக்கெடுத்தாங்க.

1979-80 வாக்குல வந்த முதல் முடிவு எல்லாருக்கும் அதிர்ச்சி. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவே இல்ல.

15/
நினைச்சுப் பாருங்க. நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பேருக்குப் போட்ட ஊசி. எதிர்த்தவங்க கையில இதைவிடப் பெரிய ஆயுதம் கிடைக்காது. மூடி மறைச்சிருக்கலாம். மறைக்கல. உலகம் பூரா படிக்கிற மாதிரி அச்சுல போட்டாங்க.

அப்ப ஏன் இன்னிக்கும் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுறோம்? ஏன்னா சின்னக் குழந்தைகளுக்குக் காசநோய் மூளைக்காய்ச்சலா மாறுறதையும், உடம்பு பூரா பரவுறதையும் இந்த ஊசி நல்லாவே தடுக்குது. அது உயிரைக் குடிக்கிற வகை, பிழைச்சாலும் காது, கண், புத்தின்னு எதையாவது பறிக்கிற வகை.

16/
காசநோய்க் கிருமி நம்ம செல்லுக்குள்ளேயே ஒளிஞ்சு வாழுற கிருமி. ஆன்டிபாடி அங்கே போய்ச் சேராது. டி செல்தான் சுத்தி வளைச்சுப் பிடிக்கணும். பி.சி.ஜி. கத்துக் கொடுக்கிறதும் முக்கியமா அந்த டி செல்லுக்குத்தான். அதோட நம்ம மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற காசநோய்க் கிருமியோட சொந்தக்காரக் கிருமிகள் நம்ம உடம்புக்கு முன்னாடியே பழக்கம். அதனால ஊசி புதுசா சொல்லித் தர்றது குறைஞ்சு போகுதுங்கிறது ஒரு விளக்கம்.

செங்கல்பட்டு பாடம்: நோயை வர விடாம தடுக்கிறது ஒரு வேலை, வந்த நோயை முத்த விடாம தடுக்கிறது இன்னொரு வேலை. ஒரு ஊசி ரெண்டாவதை மட்டும் செய்யலாம். அதுவே பல உயிரைக் காப்பாத்தலாம்.

17/
மூணாவது ஊர்: வேலூர்.

போலியோ சொட்டு மருந்து. மேலை நாடுகள்ல மூணு தடவை கொடுத்தா கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் எதிர்ப்பு சக்தி வந்துடும்னு புத்தகத்துல இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில டாக்டர் டி. ஜேக்கப் ஜான், நம்ம ஊர்க் குழந்தைகளோட ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்தார். அதே மருந்து, அதே மூணு தடவை. ஆனா நிறைய குழந்தைகளுக்கு ஆன்டிபாடி வரவே இல்ல. 1972ல அதை ஆய்வுக் கட்டுரையா எழுதினார்.

"புத்தகத்துல மூணுன்னு இருக்கு"ன்னு விட்டுடல. நம்ம குழந்தைகளுக்குக் கூடுதல் தடவை கொடுக்கணும்னு வாதாடினார். இன்னிக்கு நாம திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து முகாம் நடத்துறதுக்குப் பின்னாடி அந்தக் கணக்கும் இருக்கு. 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்ததுதான் இந்தியாவின் கடைசி போலியோ. 2014 மார்ச்ல சான்றிதழ் கிடைச்சது.

18/
போலியோவுல இன்னொரு பாடமும் இருக்கு. சொட்டு மருந்து வாய் வழியா போறதால குடல்லயே எதிர்ப்பு சக்தி உருவாகும். கிருமி நுழையுற வாசல்லயே காவல். ஊசி வழியா போடுற போலியோ மருந்து ரத்தத்துல நல்ல ஆன்டிபாடி தரும். கால் விளங்காம போறதைத் தடுக்கும். ஆனா குடல் வாசல்ல காவல் குறைவு.

வேலூர் பாடம்: எதிர்ப்பு சக்தி எவ்வளவு வருதுங்கிறது ஊருக்கு ஊர் மாறும். எந்த இடத்துல வருதுங்கிறது மருந்து போற வழியைப் பொறுத்து மாறும்.

19/
இப்ப கொரோனாவுக்கு வருவோம். மூணு பாடத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்தா பெரியவரோட கேள்விக்கு விடை தானா வந்துடும்.

கொரோனா நுழையுற வாசல் மூக்கும் தொண்டையும். நாம ஊசி போட்டது கையில. ரத்தத்துலயும் நுரையீரல்லயும் ஆன்டிபாடி நல்லா வரும். மூக்கு வாசல்ல கொஞ்சம்தான் கசியும், அதுவும் சில மாசம்தான் (வேலூர் பாடம்).

மாசம் போகப் போக ரத்தத்துல ஆன்டிபாடி அளவு குறையும் (கிண்டி பாடம்). அந்த நேரம் பார்த்து 2021 கடைசியில ஓமிக்ரான் வந்தது. அதோட ஸ்பைக்ல 30க்கும் மேல மாற்றம். சாவியோட பல்லையே ராவி மாத்திட்டு வந்த திருடன். பழைய ஆன்டிபாடி சரியா ஒட்டல. அதனால ஊசி போட்டவங்களுக்கும் சளி, காய்ச்சல் வந்தது.

ஆனா டி செல் பார்க்கிறது சாவிப் பல்லை மட்டும் இல்ல. ஸ்பைக்கோட பல துண்டுகளை அது அடையாளம் வச்சிருக்கும். அதுல பெரும்பகுதி மாறல. அதனால பெரும்பாலானவங்களுக்கு நோய் முத்தல (செங்கல்பட்டு பாடம்).

20/
"சும்மா கதை சொல்றீங்க டாக்டர்"னு நினைக்கிறவங்களுக்கு, ரெண்டும் தமிழ்நாட்டுக் கணக்கு.

ஒண்ணு, நம்ம போலீஸ்காரங்க. 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை, இரண்டாம் அலை உச்சத்துக்குப் போய்க்கிட்டிருந்த காலம். தமிழ்நாடு காவல்துறையில் 1,17,524 பேரோட விவரத்தை சென்னையில இருக்கிற தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அலசினது.

ஊசியே போடாதவங்க 17,059 பேர். கொரோனாவால் இறந்தவங்க 20.
ஒரு டோஸ் போட்டவங்க 32,792 பேர். இறந்தவங்க 7.
ரெண்டு டோஸ் போட்டவங்க 67,673 பேர். இறந்தவங்க 4.

ஆயிரத்துக்கு எத்தனைன்னு பார்த்தா 1.17, 0.21, 0.06. சாவைத் தடுக்கும் திறன் ஒரு டோஸுக்கு 82 சதவீதம், ரெண்டு டோஸுக்கு 95 சதவீதம்.

21/
ரெண்டாவது, அதே வேலூர் சி.எம்.சி. அங்கே வேலை பார்க்கிற பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை இரண்டாம் அலையில கவனிச்சாங்க. ரெண்டு டோஸ் போட்டவங்களுக்குக் கிடைச்ச பாதுகாப்பு:

தொற்று வராமல் தடுத்தது – 65 சதவீதம்
ஆஸ்பத்திரியில் சேராமல் தடுத்தது – 77 சதவீதம்
ஆக்சிஜன் தேவைப்படாமல் தடுத்தது – 92 சதவீதம்
ஐ.சி.யூ. போகாமல் தடுத்தது – 94 சதவீதம்

இந்த நாலு வரியை மேலேருந்து கீழே ஒரு தடவை மெதுவா படிங்க. வாசல்ல காவல் சுமார், வீட்டுக்குள்ள காவல் பலம். இதுதான் கொரோனா ஊசி.

22/
"எனக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தேன், குறைஞ்சிருச்சு டாக்டர்"னு பதறி வந்தவங்களும் உண்டு. அதுக்கும் ஒரு கணக்கு. பொது சுகாதாரத்துறை 2020 அக்டோபர்-நவம்பர்ல மாநிலம் முழுக்க ரத்தப் பரிசோதனை எடுத்தப்ப, கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு கொரோனா ஆன்டிபாடி இருந்தது. 2021 ஏப்ரல்ல மறுபடி எடுத்தப்ப அது கூடல, குறைஞ்சிருந்தது! தொற்று வந்து போனவங்களோட ஆன்டிபாடி வடிஞ்சு போனதுதான் முக்கியக் காரணம். இரண்டாம் அலை அடிச்சு, ஊசியும் போட்டு, ஜூன்-ஜூலையில மூணுல ரெண்டு பேருக்கு வந்துருச்சு.

ஆன்டிபாடி வடியும். கிணத்துல தண்ணி வத்தினாலும் ஊத்து செத்துடாது. நினைவு செல்தான் அந்த ஊத்து. அடுத்த ஊசியோ, நிஜக் கிருமியோ வந்தா மறுபடி பொங்கும்.

ரெண்டு டோஸுக்கு நடுவுல இடைவெளி விட்டதும் இதுக்குத்தான். நெறிக்குள்ள பி செல்கள் மெதுவா பட்டை தீட்டப்பட்டு, இன்னும் கெட்டியா ஒட்டுற ஆன்டிபாடி செய்யக் கத்துக்கும். கோவிஷீல்டுக்கு முதல்ல 4 வாரம்னு இருந்த இடைவெளியை 2021 மே மாசம் 12-16 வாரமா மாத்தினாங்க. மருந்துத் தட்டுப்பாட்டுக்காகத்தான் தள்ளினாங்கன்னு அப்ப பேச்சு இருந்தது. தட்டுப்பாடு இருந்தது உண்மை. இடைவெளி கூடினா அந்த ஊசிக்கு எதிர்ப்பு சக்தி நல்லா வருதுங்கிறதும் உண்மை.

23/
கசப்பான பக்கத்தையும் சொல்லணும். இல்லைன்னா இந்த இழைக்கு அர்த்தமே இல்ல.

கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பிறகு மிக அரிதா சிலருக்கு ரத்தம் உறைஞ்சு, தட்டணுக்கள் குறையுற ஒரு பிரச்சினை வந்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறி, நம்ம சொந்தப் புரதம் ஒண்ணுக்கு எதிராவே ஆன்டிபாடி செஞ்சதுதான் காரணம். ஐரோப்பாவில் லட்சத்துக்கு ஓரிருவர் என்ற அளவில் பார்த்தாங்க. இங்கே அதைவிடக் குறைவாத்தான் பதிவாச்சு. உயிரிழப்பும் உண்டு. அந்தக் குடும்பங்களுக்கு 'லட்சத்துல ஒண்ணு' ஆறுதல் இல்ல.

2024ல இந்தச் செய்தி மறுபடி கிளம்பினப்ப, "மூணு வருஷம் முன்னாடி போட்டேன், இப்ப வருமா?"ன்னு ஓபியில் பலர் கேட்டீங்க. இது ஊசி போட்ட முதல் சில வாரத்துல வர்றது. வருஷக்கணக்குல ஒளிஞ்சிருந்து வர்றது இல்ல.

24/
இப்ப என் தப்புக்கு வர்றேன்.

2021ல இந்தக் கணக்கு எல்லாம் முழுசா தெரியாத நேரம். ஆனா "நோய் முத்தாம காக்கும், தொற்று வரலாம்"னு அப்பவே தெரியும். 2021 செப்டம்பர் 12 அன்னிக்கு மாநிலம் பூரா பெரிய முகாம், ஒரே நாள்ல 28 லட்சம் பேருக்கு மேல. அந்தக் காலத்துல நானும் மைக் புடிச்சேன். எதிர்ல நிக்கிற ஜனங்க பயந்து போயிருக்காங்க. நீளமா சொன்னா கலைஞ்சு போயிடுவாங்களோன்னு எனக்குப் பயம். "போட்டா வராது"ன்னு சுருக்கிட்டேன். அது எனக்கு வசதியா இருந்தது.

செங்கல்பட்டுல பாதகமான முடிவைக்கூட அச்சுல போட்டவங்க வழியில வந்தவங்க நாம. நான் ஒரு வாக்கியத்தை முழுசா சொல்லல.

25/
இத்தனைக்கும் நான் வேலை பார்க்கிறது ஆத்தூர். இங்கேருந்து கொஞ்ச தூரத்துல காந்திகிராமம். 1947ல டாக்டர் சௌந்தரம் அம்மா ஆரம்பிச்சது. 1960கள்ல இந்த ஆத்தூர் ஒன்றியத்துலதான் கிராமம் கிராமமா போய், குடும்ப நலத் திட்டத்தை ஜனங்ககிட்ட பேசி ஏத்துக்க வச்சாங்க. அது 'ஆத்தூர் அனுபவம்'னு நாடு பூரா பேசப்பட்டது. விவரம் சொன்னா கேட்டுக்கிற ஜனங்கன்னு அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே பேர் வாங்கின ஊர். அந்த ஊர் ஜனங்ககிட்ட நான் விவரத்தைக் குறைச்சுச் சொல்லியிருக்கேன்.

26/
அடுத்த தடவை மாத்திரைக்கு வந்தப்ப பெரியவரை உக்கார வச்சேன். "ஐயா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. வராதுன்னு சொல்லியிருக்கக் கூடாது. வந்தாலும் முத்தாம காக்கும்னு சொல்லியிருக்கணும்"னேன். மேல எழுதினதை அஞ்சு நிமிஷத்துல சொன்னேன். போலீஸ் கணக்கையும் சொன்னேன்.

கேட்டுக்கிட்டே இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னம்மா? அப்பவும் போட்டிருப்பேன்ல?"

என்கிட்ட பதில் இல்ல.

27/
அப்புறம் பேத்தி ஊசி பத்தி அவரே கேட்டார். இந்தத் தடவை முழுசா சொன்னேன்.

தட்டம்மை, நம்ம பக்கம் மணல்வாரின்னு சொல்றது. 9 மாசத்துல போடுற முதல் ஊசியில 100 குழந்தைகள்ல 85 போல பாதுகாப்பு வரும். மீதி இருக்கிறவங்களுக்காகத்தான் 16-24 மாசத்துல ரெண்டாவது. ரெண்டும் போட்டா 95க்கு மேல. இந்த வைரஸ் கொரோனா மாதிரி சாவியை மாத்திக்கிட்டே இருக்கிறது இல்ல. அதனால இந்த ஊசி தொற்றையே நல்லா தடுக்கும், பல காலம் நிக்கும். ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாள்ல லேசா காய்ச்சல், தடிப்பு வரலாம். தானா போயிடும்.

இன்னொண்ணும் சொன்னேன். நிஜத் தட்டம்மை வந்தா அது நினைவு செல்களையே அழிக்கும். குழந்தை உடம்பு அதுவரைக்கும் மத்த கிருமிகளைப் பத்திக் கத்து வச்சிருந்த பாடத்துல ஒரு பகுதியைத் துடைச்சுட்டுப் போயிடும். 2019ல வந்த ஆய்வுகள் அதைத் தெளிவா காட்டுச்சு. அதுக்கப்புறம் நிமோனியா, வயித்துப்போக்குன்னு குழந்தைகள் விழுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

"யோசிச்சுட்டு வர்றேன்"னு எழுந்து போனார்.

28/
ரெண்டு புதன்கிழமை வரல. மூணாவது புதன் வந்தார், பேத்தியைத் தோள்ல போட்டுக்கிட்டு. குழந்தை ஊசிக்கு அழுதுச்சு. அவர் தன் தழும்பு இருக்கிற கையால அதோட முதுகைத் தட்டிக்கிட்டே, "ரெண்டாவது எப்பம்மா? அட்டையில எழுதிக் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனார்.

உங்க வீட்லயும் ஒரு அட்டை இருக்கும். எடுத்துப் பாருங்க. விட்டுப்போன ஊசி இருந்தா புதன்கிழமை பக்கத்துல இருக்கிற சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. தேதி தாண்டிட்டா முதல்லேருந்து போட வேண்டாம், விட்ட இடத்துலருந்து தொடரலாம். போறப்ப, இந்த ஊசி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது, என்ன தொந்தரவு வரலாம்னு மூணையும் கேளுங்க. சொல்ல வேண்டியது எங்க கடமை.


– ஆத்தூர் அரசு மருத்துவர்